கேள்வியைப் புரியவைப்பதற்கும் காசா?

1936 ஜூலை 30-ல் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு ஆலைத் தொழிலாளர் 12 பேரைப் பலிகொடுத்த ஊர் புதுச்சேரி. ரோடியர் மில்லையும் 2020-ல் மூடிவிட்டார்கள். பிழைக்க வெளிநாடு போக நம் பிள்ளைகள் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுகிறார்கள்.

40 நிமிடத்தில் 250 சொல்லுக்குக் குறையாமல் கட்டுரை. 'இரு தரப்பையும் விவாதித்து உன் கருத்தைச் சொல்' என்று கேட்டால், ஒரு தரப்பை மட்டும் எழுதியவளுக்கு மார்க் குறையும். 'எந்த அளவுக்கு ஒப்புகிறாய்?' என்றால் தன் நிலையைச் சொல்லியே தீரவேண்டும்.

இந்தச் சங்கதியைத்தான் ரகசியமென்று பயிற்சிக் கடைக்காரர்கள் விற்கிறார்கள்! (ஆலை வாசலில் கூலிப் பேச்சு நடத்தியவனுக்கு இரு தரப்பு வாதம் புதிதா?) பரீட்சைக் கட்டணத்துக்கே நகையை அடகு வைக்கிற வீட்டில் இன்னொரு கடனா? சர்க்கார் கல்லூரிகளில் இதை இலவசமாகச் சொல்லித் தரட்டும்.