முதலில் காற்சட்டை, பிறகே வாள்

இலையுதிர்காலம் வந்துவிட்டால் சுவிற்சர்லாந்தின் கிராமப்புறங்களில் சனிக்கிழமைக் காலைகளில் தவறாது கேட்கும் ஓசை சங்கிலி வாளின் இரைச்சல். பள்ளத்தாக்கின் ஒரு கரையில் எழுந்து மறுகரையில் மோதித் திரும்பும் அவ்வோசை, எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த எம்மவருக்கு நெடுங்காலம் அயலவரின் ஓசையாகவே இருந்தது. நாம் உணவகங்களின் அடுக்களைகளில் நின்றோம். நகரத்து மாடிக் குடியிருப்புகளில் சுவரோரத்து வெப்பமூட்டி தானாகவே சுட்டது. விறகு என்பது ஊரோடு விட்டு வந்த ஒரு சொல்லாயிற்று.

இன்று அந்நிலை சற்று மாறியிருக்கின்றது. நகரத்து வீட்டு விலைக்கு எட்டாமல் கிராமத்தில் பழைய வீடொன்றை வாங்கியவர்கள் உளர். அவ்வீட்டின் கூடத்தில் விறகடுப்பு இருக்கின்றது. அயலவர் விறகு அடுக்குவதைக் கண்டு தாமும் அடுக்க விரும்புகின்றனர். கையிற் பணம் மட்டு. ஆகவே இந்நாட்டார் 'மோட்டோர்சேகெ' என்றழைக்கும் சங்கிலி வாளைப் பழையதாகத் தேடுகின்றனர்.

எம்மன்ரால் பகுதியில் அவ்வாறு குடியேறிய நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னை அழைத்துத் தாம் வாங்கியதைக் காட்டினார். "அண்ணை, தொண்ணூறு பிராங்குக்குக் கிடைச்சுது, விடேலாமல் எடுத்திட்டன்" என்றார். நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசிய வாள். நீளமான அலகு. முன்கைப்பிடிக்கு எதிரே இருக்க வேண்டிய கைக்காப்பு இல்லை. அதாவது சங்கிலி பிறேக் இல்லை. இழுத்ததும் இயங்கிற்று. முடுக்கியிலிருந்து விரலை எடுத்த பின்னரும் சங்கிலி ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் நின்றதோ வீட்டுக் காற்சட்டையோடும் செருப்போடும். அந்த வாள் மலிவன்று, இரவல் வாங்கிய ஆபத்து என்று அன்று அவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஊரில் பனை தறிப்பதையும் வேம்பு அரிவதையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். மரக்காலையில் இருவர் எதிரெதிரே நின்று இழுத்த வாள், கை நின்றால் தானும் நின்றது. கோடரி தவறினாலும் ஒரு வெட்டோடு முடிந்தது. சங்கிலி வாளின் குணம் வேறு. அதன் சங்கிலி விநாடிக்கு 20 மீற்றருக்கு மேலும் ஓடக்கூடியது. அலகு நுனியின் மேற்பகுதி ஒரு கிளையிற் பட்டால், கண் இமைப்பதற்குள் வாள் முழுவதும் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளுகின்றது. அத்துள்ளலை மனிதக் கையால் அடக்க முடியாது. இதற்காகவே எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து தானாக இறுகும் பிறேக்குகளை நிறுவனங்கள் பொருத்தத் தொடங்கின. அரை நூற்றாண்டுக்கு முன்னர் வந்த அந்தப் பாதுகாப்புக்கூட இல்லாத ஒன்றை இன்று காசு கொடுத்து வாங்குவதை என்னால் சிக்கனம் என்று ஏற்க இயலவில்லை.

ஆகவே கையில் 500 பிராங்க் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எம்மவர் வழக்கமாகச் செய்வது என்ன? நானூற்றி எண்பதுக்கு வாளை வாங்கிவிட்டு, மிச்சத்தில் பெற்றோல் வாங்குவார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. முதலில் வெட்டுத்தடுப்புக் காற்சட்டையையும், முகவலையும் செவிமூடியும் கொண்ட தலைக்கவசத்தையும் புதிதாக வாங்குங்கள். பாதித் தொகை அதிற் போகலாம். போகட்டும். அக்காற்சட்டையின் உள்ளே நீண்ட நார்கள் அடுக்கடுக்காக உள்ளன. சங்கிலி துணியைக் கிழித்ததும் அந்நார்கள் இழுபட்டுப் பற்சில்லிற் சுற்றி அதை நிறுத்த முயல்கின்றன. ஒரு தடவை வெட்டு விழுந்த காற்சட்டை அதன் கடமையை முடித்துவிட்டது. அதைத் தைத்து மீண்டும் அணிதல் கூடாது. ஆகையால் இவ்விரு பொருள்களையும் பழையனவாக வாங்க வேண்டாம். தலைக்கவசத்தின் பிளாஸ்ரிக்கும் வெயிலில் நாட்பட நாட்பட நொறுங்குந் தன்மை பெறுகின்றது. பழையதாக வாங்கத்தக்கது வாள் ஒன்றுதான்.

அந்த வாளும் சிறியதாக இருத்தல் நல்லது. அடுப்பு விறகு துண்டாடுவதற்கு 35 அல்லது 40 சென்ரிமீற்றர் அலகும், அதற்கு ஏற்ற 35 முதல் 45 கன சென்ரிமீற்றர் வரையான எஞ்சினும் தாராளமாகப் போதும். பெரிய வாளை வாங்குபவர் பெரும்பாலும் தம் பெருமைக்காகவே வாங்குகின்றார்; பத்து நிமிடத்தில் அவரது தோள் தளர்ந்துவிடும், தளர்ந்த தோளோடு தூக்கும் வாளே காலில் இறங்குகின்றது. உதிரிப்பாகம் கிடைக்கும் பெயர் பெற்ற வாளாகவும் இருக்க வேண்டும். ஷ்டீல், ஹுஸ்க்வார்னா போன்றவற்றுக்கு இந்நாட்டுச் சிற்றூர்களிலும் திருத்துநர் உளர். ஷ்டீல் நிறுவனத்தை 1926 இல் ஜேர்மனியில் தொடங்கிய அந்திரேயாஸ் ஷ்டீல் பிறந்தது சூரிச் நகரில் என்பதும், அந்நிறுவனத்தின் சங்கிலிகள் 1974 முதல் சென் காலன் மாநிலத்து வில் நகரில் செய்யப்படுகின்றன என்பதும் எம்மவரிற் பலர் அறியாத செய்தி.

இனி, பழைய வாளை எப்படிப் பார்ப்பது? விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை அதை இயக்க வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது இயங்க மறுக்கின்றது என்று சந்தேகிக்கலாம். இழுகயிற்றை மெதுவாக இழுங்கள். கைக்குத் திடமான எதிர்ப்புத் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வருமாயின் உள்ளே அழுத்தம் இல்லை, எஞ்சின் தேய்ந்துவிட்டது. விற்பவர் அனுமதித்தால் சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரத்தின் வழியே மின்சூள் ஒளியில் பிஸ்ரனைப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தால், யாரோ எண்ணெய் கலவாத பெற்றோலை ஊற்றி ஓட்டியிருக்கலாம். இவ்வெஞ்சின்களுக்குத் தனியான எண்ணெய் ஊற்றும் இடமில்லை. பெற்றோலோடு பெரும்பாலும் ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கும் எண்ணெயே அவற்றின் உயிர். கீறல் விழுந்த வாளை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். அதைத் திருத்தும் செலவில் இன்னொன்று வாங்கலாம்.

எஞ்சின் தேறினால் அடுத்தது பாதுகாப்பு. சங்கிலி ஓடும்போது கைக்காப்பை முன்னே தள்ளினால் அந்தக் கணமே நிற்க வேண்டும். முடுக்கியை விட்டதும் எஞ்சின் மட்டும் முனக, சங்கிலி அசையாதிருக்க வேண்டும். பின்கைப்பிடியின் மேலுள்ள பூட்டை அழுத்தாமல் முடுக்கி அழுந்தக் கூடாது. அறுந்த சங்கிலியைத் தடுக்கும் சிறு கொளுக்கி அடியில் இருக்கின்றதா என்று பாருங்கள். கைப்பிடிக்கும் உடலுக்கும் இடையேயுள்ள றப்பர்கள் கிழிந்திருப்பின் அதிர்வு நேரே விரல்களுக்கு வரும். நுனியை ஒரு வெளிறிய மரக்கட்டைக்கு மேலே பிடித்து முடுக்கினால் மெல்லிய எண்ணெய்க் கோடு தெறிக்க வேண்டும். தெறிக்காவிட்டால் அலகுக்கு எண்ணெய் போகவில்லை. இவற்றில் எண்ணெய் ஓட்டமும் றப்பரும் திருத்தத்தக்கவை. பிறேக்கில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

சங்கிலி மழுங்கியிருப்பது குற்றமன்று, விலையைக் குறைக்கக் காரணம். அதன் பற்களில் இன்னும் அரம் போடத்தக்க நீளம் உண்டா என்று மட்டும் பாருங்கள். இன்றைய சங்கிலியின் பல் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் கொக்ஸ் என்ற மரம் வெட்டுநர் 1946 இல், மரக்கட்டைக்குள் ஒரு வண்டின் புழு தன் தாடைகளால் இடமும் வலமும் மாறி மாறிக் கடித்துச் செல்வதைக் கண்டு, அதே முறையில் பற்களை அமைத்தார். அந்த அமைப்பு சரியாக வேலை செய்யும்போது மரத்திலிருந்து சீவல்கள் பறக்கும். மாவு போலத் தூள் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. அப்போதுதான் மனிதன் வாளை அழுத்துகின்றான், அழுத்தும்போதுதான் தவறுகின்றான். பத்துப் பிராங்க் அளவில் ஓர் அரம் வாங்கித் தீட்டப் பழகியவர், புதிய வாளை மழுங்கலாக வைத்திருப்பவரைவிடப் பாதுகாப்பானவர்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்கு ஐயமில்லை. கிராமத்தில் புல்வெட்டிகளும் வாள்களும் திருத்தும் சிறு பட்டறையில் 'ஒக்காசியோன்' என்று எழுதி வைத்திருக்கும் வாளை வாங்குங்கள். முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதைவிட ஐம்பது, நூறு பிராங்க் கூடுதலாகலாம். ஆனால் அவர் அதைக் கழற்றிப் பார்த்திருப்பார், பற்றுச்சீட்டுத் தருவார், பழுதானால் அவரிடமே திரும்பிச் செல்லலாம். காட்டு வேலைத்தளங்களிலிருந்து களவுபோகும் வாள்களும் கைமாறித் திரிகின்றன. தொடர் இலக்கம் சுரண்டப்பட்ட வாளுக்கு அருகிலும் போகாதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பொலிசாருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை எவ்வளவு கசப்பானது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

வாள் கையில் வந்துவிட்டால் காடு நமது என்றாகிவிடாது. 1876 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்நாடு தன் காட்டைக் கண்ணாகக் காத்து வருகின்றது. நாட்டின் மூன்றிலொரு பங்கு காடாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். காட்டில் மரம் தறிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும், சொந்தக் காடாயினும். மற்றொருவருக்காகக் கூலிக்குக் காட்டில் மரம் வெட்டுவோர் பத்து நாள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது 2022 தொடக்கம் நாடு முழுவதும் கட்டாயம். வீட்டுக்கு விறகு துண்டாடுபவரை இவ்விதி கட்டுப்படுத்தாது. ஆயினும் தொடக்கநிலையினருக்கு இரண்டு நாள் பயிற்சிகள் நடக்கின்றன. அதன் கட்டணம் மேற்சொன்ன ஐந்நூறுக்குள் அடங்காது. அடங்காவிட்டால் வாளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, இந்தக் குளிர்காலத்துக்குத் துண்டாடிய விறகை வாங்குவதே சரி என்பேன். மொழி தயக்கமாயின் இங்கு பிறந்து வளர்ந்த மகனையோ மகளையோ உடன் சேர்த்துப் பதியுங்கள். பிள்ளைக்கும் அது பயன்படும்.

1999 டிசம்பர் 26 இல் லோதார் புயல் இந்நாட்டுக் காடுகளில் ஏறத்தாழ 13 மில்லியன் கன மீற்றர் மரத்தைச் சாய்த்தது. புயலில் 14 பேர் இறந்தனர். சாய்ந்த மரங்களை அகற்றும் வேலையில் மேலும் பலர் இறந்தனர். தலைமுறை தலைமுறையாக மரத்தோடு வாழ்ந்த மக்களிடையே நிகழ்ந்தது இது. அடுக்களைக் கத்தியைத் தவிர வேறொன்றும் பிடித்துப் பழகாத நாம் விழுந்த மரத்தையும் வளைந்து நிற்கும் மரத்தையும் தொடவே கூடாது. நிலத்தில் கிடக்கும் நேரான கட்டையை, மரச்சட்டத்தின் மேல் வைத்துத் துண்டாடுவதோடு நிறுத்திக்கொள்வோம்.

தோட்டத் துண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அப்பிள் மரத்தின் கிளை வெட்டுவதற்கு உங்களுக்குச் சங்கிலி வாளே தேவையில்லை. நல்ல கைவாள் ஒன்று பத்தாண்டு உழைக்கும். பற்றரி வாளைப் பழையதாக வாங்க எண்ணுவோர், பற்றரியின் வயது எவருக்கும் தெரியாது என்பதையும் புதிய பற்றரியின் விலையையும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வேலை பார்ப்பவருக்கு விபத்துக் காப்புறுதி இருக்கின்றதே என்பார்கள். வாரத்தில் எட்டு மணித்தியாலமேனும் ஒரு முதலாளியிடம் வேலை செய்பவருக்கு ஓய்வுநேர விபத்துக்கும் காப்புறுதி உண்டு என்பது உண்மை. பாரதூரமான கவனக்குறைவால் நேர்ந்ததென்று முடிவானால் முதல் இரண்டு ஆண்டுகளின் நாட்படியைக் குறைக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதும் உண்மை. எம்மவர் ஒருவரின் சம்பளத்தில் இங்கொரு வீடும் ஊரிலொரு வீடும் அடுப்பெரிகின்றன. பெற்றோருக்கு அனுப்பும் பணத்தில் ஒருமாதமும் தவறாதவர், தம் தொடைக்கு ஒரு காற்சட்டை வாங்க மட்டும் கணக்குப் பார்க்கின்றார். தமக்கென்று செலவழிப்பதை ஏதோ குற்றம் போலக் கருதும் இப்பழக்கம் அகதி வாழ்வின் முதல் ஆண்டுகளில் எம்மோடு ஒட்டிக்கொண்டது. அது இன்னும் போகவில்லை.

எம்மன்ரால் நண்பரின் கோபம் இரண்டு கிழமையில் ஆறிற்று. தொண்ணூறு பிராங்க் வாளைப் பட்டறைக்காரரிடம் காட்டினார். அவர் அதைச் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள் என்று சொல்லிச் சிரித்தாராம். இப்போது சிறிய வாளொன்று அங்கே அவர் பெயர் எழுதி எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றது, பாதிப் பணம் கட்டியாயிற்று. பயிற்சிக்குத் தாமும் மகளும் பெயர் பதிந்திருக்கின்றனர். செம்மஞ்சள் நிறக் காற்சட்டை வீட்டுக் கதவின் பின்னால் ஏற்கெனவே தொங்குகின்றது.