பளு தூக்கலும் பகுத்தறிவும்

பட்டணங்களில் மாத்திரமல்லாமல் சிறு ஊர்களிலும் இப்பொழுது பளு தூக்கும் கூடங்கள் ஏற்பட்டு, வாலிபர்கள் அவற்றில் சேர்ந்து சரீரத்தைப் பலப்படுத்திக் கொள்ளுவது மகிழ்ச்சியடையத்தக்க காரியமேயாகும். ஆனால் அக்கூடங்களில் ஒரு புது வேதம் ஓதப்படுகின்றது. அதாவது, "ஒரு நாளும் ஓயக்கூடாது, ஓய்ந்தவன் சோம்பேறி" என்பதாம். இதை யார் சொன்னார்கள், எந்த ஆதாரத்தின்மீது சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. வாத்தியார் சொன்னார், கைப்பேசியில் கண்டோம் என்பதே போதுமானதாகிவிட்டது.

சரீரம் எப்படிப் பலப்படுகின்றது என்பதை முதலில் யோசிக்க வேண்டும். பளுவைத் தூக்கும் நேரத்தில் தசை வளருவதில்லை, களைக்கவே செய்கின்றது. தூக்கி முடித்த பிறகு, ஏறக்குறைய 24 மணி முதல் 48 மணி நேரம் வரையில், உண்ட உணவிலுள்ள புரதத்தைக் கொண்டு சரீரம் அதைப் புதுப்பித்துக் கட்டுகின்றது. ஆகவே ஓய்வு என்பது வேலை நின்ற நேரமல்ல. வேலை நடக்கும் நேரமாகும். நேற்று எழுப்பிய சுவர் ஈரம் காய்வதற்குள் அதன்மேல் பாரம் ஏற்றுகின்றவனைக் கெட்டிக்காரன் என்போமா?

கிரேக்க தேசத்து மல்லன் மைலோ என்பவன் ஒரு கன்றுக்குட்டியைத் தினந்தோறும் தூக்கி வந்து, அது காளையானபோது காளையையே தூக்கினான் என்று ஒரு கதை சொல்லுகின்றார்கள். இது நம் புராணங்களுக்கு இளைத்ததல்ல. கன்று நாளொன்றுக்கு அரை கிலோ பெருத்தால்கூட வருஷத்தில் 180 கிலோவுக்குமேல் ஏறிவிடும். எந்த மனிதனுடைய பலம் அப்படி நாள் தவறாமல் ஏறும்?

1945-ல் அமெரிக்க ராணுவ வைத்தியர் தாமஸ் டிலோர்ம் என்பவர், பளுவைப் படிப்படியாக ஏற்றிப் பயிற்சி செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். அதில் ஒரு பயிற்சியைப் பத்துப் பத்துத் தடவையாக 7 முதல் 10 சுற்று செய்யச் சொன்னார். பின்பு அனுபவத்தைக் கவனித்து, 1948-ல் வாட்கின்ஸ் என்ற வைத்தியருடன் சேர்ந்து, 3 சுற்றே போதுமென்று குறைத்துக் கொண்டார். முறையை வகுத்தவரே திருத்திக் கொண்டிருக்க, நம் வாத்தியார்களுக்கு மாத்திரம் பிடிவாதம் ஏன்?

2020-ல் உலக சுகாதார ஸ்தாபனம், பெரியவர்கள் வாரத்தில் 2 நாளாவது எல்லா முக்கியத் தசைகளுக்கும் பயிற்சி கொடுக்கவேண்டும் என்றே சொல்லியிருக்கின்றது. வாரத்தின் மொத்த வேலை சமமாயிருந்தால், நாட்களைக் கூட்டுவதால் மாத்திரம் தசை அதிகம் வளர்ந்துவிடுவதில்லை என்பதும் ஆராய்ச்சியில் கண்டதேயாகும். ஆகவே புதிதாய்த் தொடங்குகின்றவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாக வாரத்தில் 2 அல்லது 3 நாள் போதும். பழகினவர்கள் ஒரு நாள் கை மார்புக்கும், மறுநாள் காலுக்குமாகப் பிரித்துக் கொண்டு 4 நாள் செய்யலாம்.

"பெரிய பயில்வான்கள் தினமும் தூக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு அதுவே ஜீவனம். வேண்டிய உணவும், தூக்கமும், பக்கத்தில் வைத்தியரும் உண்டு. மார்க்கெட்டில் பகலெல்லாம் மூட்டை சுமந்து, இரவு ஐந்து மணி நேரம் தூங்கும் வாலிபனுக்கும், நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகின்றவனுக்கும் ஒரே கணக்குப் போடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! கூலிக்குத் தூக்கிய மூட்டை, காசு கொடுத்துத் தூக்கிய இரும்பு என்கின்ற பேதம் முதுகெலும்புக்குத் தெரியாது. உழைப்பாளியை ஆறு நாள் தூக்கச் செய்வதும், அவன் களைத்தால் கூலிக் காசில் மாவு டப்பா வாங்கச் சொல்லுவதும், மூன்றாம் மாதம் அவன் வெறுத்து நின்றுவிட்டால் சோம்பேறிப் பட்டம் கட்டுவதும் எந்த நியாயத்தில் சேர்ந்தது?

தோழர்களே! நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. தூக்கிய பளுவையும், தூங்கிய நேரத்தையும், காலையில் எழுந்தவுடன் நாடித் துடிப்பையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தூக்கம் கெட்டு, பசி மந்தித்து, துடிப்பு ஏறி, போன வாரம் தூக்கிய பளு இந்த வாரம் எழும்பவில்லையானால் நாளைக் குறையுங்கள். கடும் பயிற்சிக்குப்பின் சிறுநீர் கருத்து இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிதைந்த தசை மூத்திரப்பிண்டத்தையே கெடுக்கக்கூடும். உங்கள் சரீரத்துக்கு எத்தனை நாள் என்பதைச் சொல்ல அந்த நோட்டைவிட மேலான குரு வேறு இல்லை.