சொடுக்கிப் பெற்ற நிரலும் சொல்லத் தெரியாத பொறியாளரும்

“தொழில்துறையே வரைகலைக் கருவிகளைத்தான் பயன்படுத்துகிறது; மாணவர்கள் பதிவகங்களோடு மல்லுக்கட்டுவது வீண்” என்னும் வாதம் பெங்களூருவின் பொறியியல் வட்டாரங்களில் செல்வாக்குப் பெற்றுவருகிறது. இதன் முற்பாதி உண்மை. எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலருக்கான கியூப்எம்எக்ஸ் கருவி, முனைகளின் மோதலைச் சுட்டிக்காட்டி, கடிகார அமைப்பைச் சரிபார்த்து, தொடக்க நிரல் முழுவதையும் நொடிகளில் எழுதித் தருகிறது. பிற்பாதிதான் ஆபத்தானது.

எஃப்103 சில்லையே எடுத்துக்கொள்வோம். 8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 9ஆல் பெருக்கி 72 மெகாஹெர்ட்ஸ் பெறுகிறோம். ஏபிபி1 பாட்டையின் உச்சவரம்பு 36 என்பதால் அங்கே 2ஆல் வகுக்கிறோம். ஆயினும் அப்பாட்டையிலுள்ள டைமர்கள் 72இலேயே ஓடுகின்றன. வகுஎண் 1 அல்லாதபோது வன்பொருளே அதை இரட்டிப்பாக்குகிறது. கருவியின் திரையில் இரு எண்களும் தெரிகின்றன. காரணத்தைக் கையேடுதான் விளக்குகிறது. அதைப் படிக்காத மாணவர் 36ஐ வைத்துக் கணக்கிடுவார். ஒரு விநாடிக்கு ஒருமுறை மாற வேண்டிய விளக்கு அரை விநாடிக்கு ஒருமுறை மாறும்.

இன்னொன்று. அதே சில்லில் பிழைதிருத்த இணைப்பைத் தேர்வுசெய்யாமல் விட்டால், உருவாகும் நிரல் அந்த முனைகளைத் தொடக்கத்திலேயே முடக்கிவிடும். முதல்முறை நிரலேற்றியபின் பலகை கணினிக்குப் பிடிகொடுக்காது. விவரம் அறிந்தவர் ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைத்து ஒரு நிமிடத்தில் மீட்பார். அறியாதவர் பலகை செத்ததென்று எஸ்.பி. ரோட்டுக்குப் புதியது வாங்கப் போவார்.

பயனர் பகுதி என்று குறித்த எல்லைக்கு வெளியே எழுதிய வரிகள் அடுத்த உருவாக்கத்தில் அழிந்துபோவதும் கருவியின் பிழையன்று; அதன் வெளிப்படையான விதி. கோப்பின் எப்பகுதி யாருக்கு உரியது என்பதை அறியாதவரே அதைப் பிழை என்பார்.

தொழில்துறையைச் சான்றுக்கு அழைப்போர் ஒன்றை மறக்கின்றனர். அங்கே கருவியைக் கையாளும் மூத்த பொறியாளர்கள் பதிவகங்களைக் கற்றபின் கருவிக்கு வந்தவர்கள். தாம் எதைக் கருவியிடம் ஒப்படைக்கிறோம் என்பதை அறிந்தவர்கள். கருவியிலேயே தொடங்கும் மாணவருக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்?

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் வடிவமைப்பு மையம் தொடங்கிய நகரம் இது. ஐஐடி மெட்ராஸின் சக்தி, சி-டாக்கின் வேகா என நாட்டிலேயே செயலிகள் உருவாகிவரும் காலமும் இது. அவற்றுக்கான இயக்கிகளையும் இத்தகைய கருவிகளையும் யாரேனும் பதிவக அளவில் எழுதியாக வேண்டும். சொடுக்குவோரை மட்டும் உருவாக்கும் கல்வி, எழுதுவோரை எப்படித் தரும்?

கருவியைத் தடைசெய்யுமாறு எவரும் கோரவில்லை. முதல் சில வாரங்களேனும் கையேட்டைக் கொண்டு பதிவகங்களில் எழுதட்டும். அதன்பின் கருவி வரட்டும். செய்முறைத் தேர்வில், உருவான கடிகார நிரலின் ஒவ்வொரு வரிக்கும் மாணவர் கையேட்டிலிருந்து காரணம் காட்டட்டும். மதிப்பெண் அதற்கே அளிக்கப்படட்டும். விளக்கு எரிந்தது என்பதற்கு மட்டும் மதிப்பெண் அளித்தால், தேர்ச்சி பெறுவது கருவியாகத்தான் இருக்கும்.