வீட்டுப் பெயரைக் கூவும் கைபேசி

கைபேசி இல்லாத இல்லம் இன்று அரிது. அது நம் இரகசியங்களைக் காக்கும் பெட்டகம் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். பூட்டு உண்டு, கைரேகை உண்டு, கடவுச்சொல் உண்டு. ஆயினும் பைக்குள் உறங்குவதுபோல் இருக்கும் அக்கருவி, தான் முன்பு இணைந்த வைஃபைகளின் பெயர்களை வழிநெடுகக் கூவிக்கொண்டு வரக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ரவுட்டர் என்னும் பெட்டி தன் பெயரை விநாடிக்குச் சுமார் 10 முறை தானே அறிவிக்கிறது. கைபேசி அதைக் கேட்டுக்கொண்டாலே போதும். ஆனால் அதுவரை பொறுக்காமல், "யாரேனும் உண்டா?" என்று அது பொதுவாக விசாரிப்பதும் உண்டு, பழைய வைஃபை ஒன்றின் பெயரைச் சொல்லி, "நீ இருக்கிறாயா?" என்று கேட்பதும் உண்டு. வம்பெல்லாம் இந்தக் கடைசிக் கேள்வியில்தான். இதற்கு மூடுதிரை ஏதும் இல்லை. அருகில் மடிக்கணினியுடன் அமர்ந்திருப்பவர் அதற்குரிய மென்பொருளைக் கொண்டு கேட்டுவிடலாம்.

பெயர்தானே என்பார் சிலர். ரயில் நிலையங்களில் உள்ள 'ரெயில்வயர்' என்ற பெயரால் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பது உண்மையே; எத்தனையோ ஆயிரம் பேர் அதில் இணைந்தவர்கள். ஆனால் தாத்தாவின் பெயரையும் கதவு எண்ணையும் சேர்த்து வீட்டு வைஃபைக்கு வைத்த பெயர் அப்படிப்பட்டதா? மகளிர் விடுதியின் பெயர்? உலகெங்குமுள்ள வைஃபை பெயர்களை வரைபடத்தில் குறித்து வைக்கும் 'விகிள்' என்ற இணையதளம் 2001 முதல் இயங்குகிறது. அரிய பெயர் ஒன்று அகப்பட்டால் தெருவே அகப்பட்டதுபோல. ஒரு பெண்ணைப் பின்தொடர்பவன், வாய் திறந்து கேளாமலே அவள் தங்குமிடத்தை அறிந்துகொள்ள வழியிருக்கையில், "பெயர்தானே" என்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

2021 நவம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நகரின் கடைவீதியில் மூன்று மணி நேரம் இத்தகைய அழைப்புகளைப் பதிவு செய்தார்கள். கிடைத்தவை இரண்டரை இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் சுமார் 23 விழுக்காடு வைஃபை பெயர்களைத் தாங்கியிருந்தன. ஆட்களின் பெயர்கள், விடுமுறை விடுதிகளின் பெயர்கள் மட்டுமன்று. கடவுச்சொற்களாகத் தோன்றிய நீண்ட எண்களும் இருந்தனவாம்! பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் யாரோ கடவுச்சொல்லை எழுதியிருக்க வேண்டும். கைபேசி அதையும் பெயரென்று நம்பித் தெருத்தெருவாக அழைத்துத் திரிந்திருக்கிறது. சிரிப்பதா, அஞ்சுவதா?

இதனினும் வேடிக்கை ஒன்று உண்டு. வைஃபையின் பெயர் வெளியே தெரியாதபடி மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகின்றனர். பெட்டி வாய்மூடிவிட்டால் கைபேசிதானே பெயர் சொல்லித் தேட வேண்டும்? அது வீட்டு வாசலில் மட்டும் தேடுமா? பேருந்திலும் சந்தையிலும் தேடும். மறைக்கப்பட்ட பெயரே ஊரெல்லாம் ஒலிக்கும் பெயராகிறது.

தயாரிப்பாளர்கள் வாளாவிருக்கவில்லை. கைபேசிக்குரிய அடையாள எண்ணைத் தேடும்போது மாற்றிக்காட்டும் முறையை ஆப்பிள் நிறுவனம் 2014ல் கொண்டுவந்தது. புதிய கைபேசிகள் பெரும்பாலும் பெயர் சொல்லாமலே விசாரிக்கின்றன. ஆனால் நம் வீடுகளில் அண்ணனிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து பாட்டிக்கும் கைமாறிய பழைய கருவிகள் எத்தனை! முகமூடி அணிந்தவன் தன் வீட்டுப் பெயரை உரக்கச் சொன்னால் முகமூடியால் என்ன பயன்?

வகுப்புத் தோழியர் சிலர் வீட்டிலுள்ள கைபேசிகளில் சேமித்த வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தோம். கல்யாண மண்டபம், பல் மருத்துவமனை, என்றோ ஒருநாள் தங்கிய ஓட்டல் எல்லாம் வரிசையாக நின்றன. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அழித்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. பாட்டிமார் இதைச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஓராண்டு தொடாத பெயரைக் கருவி தானே மறந்துவிடும்படி செய்வது அதை உருவாக்கும் பொறியாளர்களுக்கு அரிய செயலா என்ன?