சுண்ணம் குழைக்கும் கை எங்கே?

கலைத்தொழிலுக்குக் கைதேர்ந்த ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வேலை விரைந்து முடிவதில்லை. இம்முறையீடு இன்று எங்கும் கேட்கிறது. பழங்கோயில் திருப்பணிகளில் இது இன்னும் மிகுதி. பழியெல்லாம் கொத்தன் தலையிலும் சிற்பி தலையிலும் ஏற்றப்படுகிறது. ஏற்றுவோர் ஒருமுறை சித்தன்னவாசலுக்குச் சென்று வருதல் நன்று.

இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழியே புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையை அடுத்துள்ளது அவ்வூர். அங்குள்ள சமணக் குடைவரையின் முகட்டில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. மலர் கொய்வோரும் யானையும் எருமையும் மீனும் அன்னமும் அதில் உள்ளனர். பாண்டியன் சீவல்லபன் காலத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், குடைவரையைப் புதுக்கியவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் எனக் கல்வெட்டு கூறும். வண்ணந் தீட்டிய கைகளின் பெயரை அது கூறவில்லை. உழைப்பவன் பெயரை மறப்பது இன்று தோன்றிய வழக்கமன்று போலும்!

பாறைமேல் சுண்ணச்சாந்து பூசி, அதன்மேல் வெண்சுண்ணம் தடவி, காவியும் கரியும் கொண்டு எழுதிய ஓவியம் அது. அச்சாந்தின் பக்குவமே தொழிலின் உயிர். சுண்ணாம்பை நீற்றிப் பல கிழமை ஊறவிடவேண்டும். மணலோடு சேர்த்து வெண்ணெய்போல் அரைக்கவேண்டும். கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் கொத்தர் கண்ட முறை. எந்த அளவில் நிறுத்துவது என்பதை ஏடு சொல்லாது. கரண்டி பிடித்த கைதான் சொல்லும். அக்கை பழக ஆண்டுகள் ஆகும்.

அவ்வாண்டுகளுக்குக் கூலி கொடுப்பவர் யார்? ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த தொகை கேட்டவனுக்கே வேலை. ஊறவிடும் நாள் அக்கணக்கில் ஏறாது. பூசிய அடிக்கணக்கே ஏறும். ஆகவே பைஞ்சுதை வருகிறது. அது பழஞ்சுவரின் ஈரத்தை உள்ளே அடைக்கிறது. உப்புப் பூத்துப் பழஞ்சாந்து பொரிந்து உதிர்கிறது. சில ஆண்டுகளில் மீண்டும் திருப்பணி, மீண்டும் செலவு. இதற்குப் பெயர் விரைவாம்!

தந்தை பட்ட பாட்டைக் கண்ட மகன் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ செல்வதில் வியப்பென்ன? அவனோடு நீற்றுதல், குழைத்தல், மெழுகுதல் என்னும் வினைகளின் நுட்பமும் ஊரைவிட்டுப் போகிறது. பொறியியற் கல்லூரிகளிலோ பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. சாந்து குழைத்த முதியவர் அவ்வகுப்பில் நின்று பேசவும் வழியில்லை. பேசினால் எழுதிக்கொள்வாரும் இல்லை.

மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி இன்று கல்லூரியாய் வளர்ந்துள்ளது. நல்லதே. ஆயினும் மாமல்லபுரம் எங்கே, இலுப்பூர் எங்கே? ஒவ்வொரு திருப்பணி ஒப்பந்தத்திலும் உள்ளூர்ப் பயிலுநர் இருவர்க்கேனும் கூலியும், கற்பிக்கும் முதியவர்க்குத் தனி ஊதியமும், சாந்து ஊறும் நாளுக்கு உரிய கணக்கும் எழுதப்படவேண்டும். முதியவர் சொல்லும் தமிழ்ச் சொற்களை அவ்விருவரும் குறித்துவைக்கட்டும். பாடநூல் அதிலிருந்து எழும்.