ஒப்புக்கொண்டால் முடிந்துவிடாது

அமெரிக்காவில் சுற்றுலா விசாவில் இருக்கும் ஒருவர், பணம் கட்டாத பொருளுடன் கடை வாசலில் பிடிபட்டால் இரண்டு சட்டங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று மாநிலக் குற்றவியல் சட்டம், மற்றொன்று மத்திய அரசின் குடிவரவுச் சட்டம். முதல் முறை, சிறு தொகை என்றால் குற்றவியல் வழக்கு பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். அதனால்தான் "ஒப்புக்கொண்டு, பணத்தைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடலாம்" என்ற யோசனை எளிதாகக் கிடைக்கிறது. அதைவிடக் கெட்ட யோசனை வேறில்லை.

திருட்டை ஒழுக்கக்கேடான குற்றமாகவே குடிவரவுச் சட்டம் பொதுவாகக் கருதுகிறது. 1996-இல் வந்த திருத்தத்தின்படி, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதேனும் ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால் அது தண்டனைத் தீர்ப்பாகவே கொள்ளப்படும். மாநில நீதிமன்றம் பின்னர் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் பயனில்லை. டெக்சாஸில் தீர்ப்பை ஒத்திவைத்து நன்னடத்தையைக் கண்காணிக்கும் முறைக்கு ஒப்புதலோ, மறுக்காத வாக்குமூலமோ முதலில் தேவை. நியூயார்க்கில் ஒப்புதல் கேட்காமலே வழக்கை ஆறு மாதம் ஒத்திவைத்துத் தள்ளுபடி செய்ய வழியுண்டு. கலிஃபோர்னியாவிலும் 2021 முதல், சிறு குற்ற வழக்குகளை ஒப்புதலின்றியே நீதிபதி மாற்றுவழிக்கு அனுப்பலாம். ஒரே சட்டையை எடுத்ததற்கு ஒரு மாநிலத்தில் கறை, இன்னொன்றில் இல்லை. ஒப்புதலுக்கு முந்தைய இந்த வழியே முதல் முறைக் கடைத்திருட்டுக்கு எல்லா மாநிலங்களிலும் வழக்கமாக வேண்டும்.

அமெரிக்காவுக்குள் வந்த ஐந்து ஆண்டுக்குள் இத்தகைய குற்றம் செய்தவரை நாடுகடத்த, அதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்க இடமிருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்தே கலிஃபோர்னியா 2015-இலும் நியூயார்க் 2019-இலும் சிறு குற்றங்களுக்கான உச்சத் தண்டனையை 364 நாளாகக் குறைத்தன. அந்த ஒரு நாளைக் குறைக்க மற்ற மாநிலங்கள் தயங்குவதற்குக் காரணம் இல்லை.

வெளிநாட்டவருக்கு இது சலுகை என்று கடைக்காரர்கள் சொல்லலாம். அவர்களுடைய இழப்பும் உண்மையே. ஆனால் அதே பொருளை எடுத்த உள்ளூர்க்காரர் அபராதத்தோடு வீடு திரும்புகிறார். விருந்தாளியோ, பேரப்பிள்ளையைப் பார்க்கும் வழியையே இழக்கக்கூடும். ஒரே ஒரு சிறு குற்றத்துக்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டுதான். ஆனால் விசா விண்ணப்பம் தண்டனையோடு கைதையும் கேட்கிறது. திருடினால் விசா ரத்தாகலாம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 ஜூலையில் எச்சரித்தது.

ஒப்புதலால் நாடுகடத்தப்படும் ஆபத்து இருந்தால், அதை வழக்கறிஞர் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் பதில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கறிஞரே இல்லாதவருக்கு அது உதவாது. டெக்சாஸில் 100 டாலருக்குக் குறைவான திருட்டுக்கு அபராதம் மட்டுமே என்பதால், இலவச வழக்கறிஞரைக் கேட்கும் அரசியல் சாசன உரிமை கிடையாது. பொருள் மலிவாக மலிவாகப் பாதுகாப்பும் குறைகிறது! குடியுரிமை இல்லாதவருக்கு இவ்வழக்குகளிலும் இலவச வழக்கறிஞர் தரப்பட வேண்டும்.

1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, கைதான வெளிநாட்டவரிடம் தம் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரக் கேட்கலாம் என்று போலீசார் சொல்ல வேண்டும். தூதரகம் வழக்கை நிறுத்தாது. வழக்கறிஞர் பட்டியல் தரலாம். கடை அனுப்பும் இழப்பீட்டுக் கடிதத்துக்குப் பணம் கட்டுவதாலும் குற்ற வழக்கு தானாக முடியாது. வாய்தாவுக்கு முன் விமானம் ஏறினால் பிடியாணை பிறக்கும். தங்கும் காலம் அதற்குள் முடிவதாக இருந்தால், தமக்குப் பதில் வழக்கறிஞர் ஆஜராகலாமா என்பதை முதலிலேயே கேட்டு, நீதிமன்ற அனுமதி பெற்ற பிறகே புறப்பட வேண்டும்.