கடுகுப் புண்ணாக்கும் கண்ணாடித் தொட்டியும்

மீன் தீவனத்தில் மீன்தூளுக்கு மாற்றாகத் தாவரப் பொருள்களைச் சேர்க்கலாமா என்பது நம் துறையில் ஆண்டுதோறும் புதிதாகக் கேட்கப்படும் வினா. கொல்கத்தாவில் அமர்ந்து இதைக் கேட்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. கடுகுப் புண்ணாக்கையும் அரிசித் தவிட்டையும் சரிபாதி கலந்து கெண்டை மீன்களுக்கு இடுவது வங்காளக் குளங்களின் நெடுங்கால வழக்கம். இங்கே தாவரம் மாற்று அன்று, அதுவே முதல்.

அவ்வழக்கம் குறையற்றது என்று நான் வாதிடவில்லை. கடுகுப் புண்ணாக்கின் குளுக்கோசினோலேட்டுகள் மிகுந்தால் தைராய்டு இயக்கம் கெட்டு மீனின் வளர்ச்சி குன்றும். சோயாவில் டிரிப்சின் தடுப்பான், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபால். (இலுப்பைப் புண்ணாக்கோ தன் சப்போனினால் மீனையே கொல்லும், குளத்தைச் சீரமைக்கும்போது வேண்டாத மீன்களை ஒழிக்க அதைத்தான் இடுகிறோம்.) ஊறவைத்தலும் வேகவைத்தலும் நொதிக்கவைத்தலும் இவற்றுள் பலவற்றைத் தணிக்கும். அவ்வளவு எளிதில் அடங்காதது பைட்டேட். வித்துகளிலுள்ள பாஸ்பரசின் பெரும்பகுதி அவ்வடிவில்தான் பூட்டுண்டு கிடக்கிறது. கெண்டைகளுக்கு இரைப்பை இல்லை. அமிலச் செரிமானமும் இல்லை. பைட்டேட்டை உடைக்கும் நொதியும் போதாது. ஆகவே அந்தப் பாஸ்பரஸ் மீனுக்கு உதவாமல் கழிவோடு நீரில் கலக்கிறது.

கலந்தபின் என்ன ஆகிறது? நம் ஆய்வேடுகளில் இதற்கு விடை அரிது. என் ஆய்வும் விலக்கன்று. கண்ணாடித் தொட்டி, வடிகட்டிய நீர், ரோகுக் குஞ்சுகள் மட்டும், 60 நாள், இறுதியில் எடை. நீரை நாள்தோறும் மாற்றிவிடுகிறேன். அந்நீரோடு வினாவும் வடிகாலில் போய்விடுகிறது.

நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேரில் விரிந்த ஈரநிலம் 2002இல் ராம்சர் தகுதி பெற்றது. துருபஜோதி கோஷ் உலகறியச் செய்த அந்நிலத்தின் பேரிகளில், மாநகரக் கழிவுநீரும் வெயிலும் சேர்ந்து நுண்பாசியை வளர்க்கின்றன; மீனுக்கு முதல் உணவு அதுவே. கட்லா மேல்நீரில் மிதவையுயிர்களை வடித்துண்ணும், ரோகு நடுவில் மேயும், மிர்கால் அடிச்சேற்றைத் துழாவும். அங்கே இடும் புண்ணாக்கில் ஒருபகுதி தீவனம், மறுபகுதி எரு. சத்துக் குறைந்த ஊர்க்குளத்தில் அந்த மிச்சப் பாஸ்பரஸ் நன்மை. ஏற்கெனவே சத்து நிறைந்த கழிவுநீர்க் குளத்திலோ அது பாசியை மேலும் பெருக்கும். விடியுமுன் ஆக்சிஜன் சரிந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல என் தொட்டியால் இயலாது.

தொட்டி முடிவை மட்டும் வைத்து, 'மீன்தூளை இத்தனை விழுக்காடு குறைக்கலாம்' என உழவருக்குப் பரிந்துரைப்பதை நாம் நிறுத்த வேண்டும். தீவனமிட்டு வளர்க்கும் பண்ணையில் செலவின் பெரும்பங்கு தீவனமே; நம் பிழைக்கு விலை கொடுப்பவர் அவர். தீவன ஆய்வேடு ஒவ்வொன்றிலும் ஒரு பருவமாவது பல்லினக் குளச் சோதனை கட்டாயமாக வேண்டும். வரைபடம் அழகாக வராது என்பது எனக்கும் தெரியும்.

அடுத்த பருவத்துக்குச் சிறு குளம் ஒன்று கேட்டு விண்ணப்பித்துள்ளேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஆக்சிஜன் அளக்க ஆள் தேவை. விருப்பமுள்ள முதுநிலை மாணவர்கள் எழுதுங்கள்.